கோடைக்கு ஒரு காய்கனி சாலட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை போகும். அந்த நாட்களில் மத்தியானச் சோறு பலருக்கும் இறங்குவதில்லை. ஒரு கிண்ணம் குளிர்ந்த வெள்ளரி, தர்பூசணி, மாங்காய் என்றால் எல்லாரும் கை நீட்டுவார்கள். செய்வதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் அடுத்த பத்து நிமிடத்தில் கிண்ணத்தின் அடியில் வெளிர்சிவப்பாகத் தண்ணீர் நின்றுவிடும், காய் துவண்டுவிடும். வருகிற கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

சாலட் ஏன் இப்படித் தண்ணீர் விட்டுக்கொள்கிறது?

வெள்ளரியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர், தர்பூசணியில் 92 பங்கு. நறுக்கிய துண்டின் மேல் உப்போ சர்க்கரையோ பட்டதும் உள்ளே இருக்கும் நீர் வெளியே வரத் தொடங்கும். ஊறுகாய்க்கு மாங்காயை உப்பில் பிசிறி வைத்தால் மறுநாள் ஜாடியில் நீர் மிதக்கிறதே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. ஊறுகாய்க்கு அது வேண்டும், சாலட்டுக்கு வேண்டாம்.

இதற்கு மூன்று வழி உண்டு, மூன்றையும் சேர்த்தே செய்யுங்கள்.

முதலாவது, வெள்ளரியின் நீரை முன்கூட்டியே வடித்துவிடுவது. 300 கிராம் வெள்ளரியை நறுக்கி, கால் டீஸ்பூன் தூள் உப்பைத் தூவி, வடிதட்டில் போட்டுக் கீழே ஒரு கிண்ணம் வையுங்கள். 15 நிமிடத்தில் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் நீர் இறங்கியிருக்கும். பிழிய வேண்டாம், பிழிந்தால் மொறுமொறுப்பு போய்விடும். சுத்தமான துணியில் ஒற்றி எடுத்தால் போதும். அந்த நீரைக் கொட்டாதீர்கள், மோரில் ஊற்றிக் குடிக்கலாம்.

இரண்டாவது, விதைப் பகுதியை எடுப்பது. முற்றிய வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து, நடுவில் இருக்கும் கொழகொழப்பை ஸ்பூனால் வழித்துவிடுங்கள். தக்காளி சேர்த்தால் அதற்கும் இப்படியே. பிஞ்சு வெள்ளரிக்கு இது தேவையில்லை.

மூன்றாவது, மற்ற இரண்டையும்விட முக்கியமானது: உப்பும் எலுமிச்சையும் தட்டில் வைப்பதற்குச் சற்று முன்புதான் சேர வேண்டும். காலையிலேயே கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் வேறு எதைச் செய்தும் பலனில்லை.

நான்கு பேருக்கு என்ன அளவு?

பக்கத்தில் வைத்துச் சாப்பிட, கப் என்பது 200 மி.லி.:

- தர்பூசணி, விதை எடுத்து முக்கால் அங்குலத் துண்டுகளாக: 3 கப்
- வெள்ளரிக்காய், நடுத்தர அளவில் 2 (சுமார் 300 கிராம்)
- ஒட்டு மாங்காய், பொடியாக நறுக்கியது: அரை கப்
- கேரட், சிறியது 1, சன்னமாகச் சீவியது
- மாதுளை முத்து: அரை கப்
- வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த வேர்க்கடலை: 2 டேபிள்ஸ்பூன்
- புதினா 10 இலை, கொத்தமல்லித்தழை ஒரு கைப்பிடி

மேலே கலக்க: எலுமிச்சைச் சாறு 1½ டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக, வறுத்துப் பொடித்த சீரகம் அரை டீஸ்பூன், மிளகுத்தூள் கால் டீஸ்பூன், நாட்டுச் சர்க்கரை 1 டீஸ்பூன், பொடியாக நறுக்கிய பச்சைமிளகாய் பாதி.

மாங்காய் நல்ல புளிப்பாக இருந்தால் எலுமிச்சையைப் பாதியாகக் குறையுங்கள். தர்பூசணி நல்ல இனிப்பாக இருந்தால் சர்க்கரையே வேண்டாம். வெள்ளரியில் ஏற்கெனவே கொஞ்சம் உப்பு ஏறியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எதை முதலில் நறுக்குவது, எதைக் கடைசியில்?

நறுக்குவதற்கு முன்பே குளிர வைப்பதுதான் முதல் வேலை. முழுத் தர்பூசணியையும் வெள்ளரியையும் நான்கைந்து மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நறுக்கிய பிறகு குளிர வைத்தால், குளிர்வதற்குள் நீர் இறங்கிவிடும்.

முதலில் வெள்ளரி, ஏனென்றால் அது வடிய வேண்டும். அது வடியும் நேரத்தில் கேரட்டைச் சீவி, மாங்காயை நறுக்கி, மாதுளையை உதிர்த்துக்கொள்ளலாம். தர்பூசணி கடைசி. ஒரு சின்னக் கிண்ணத்தில் எலுமிச்சைச் சாற்றில் உப்பையும் சர்க்கரையையும் முழுக்கக் கரையவிட்டு, பிறகு சீரகம், மிளகு, பச்சைமிளகாய் சேருங்கள். உப்பை நேராகத் துண்டுகளின் மேல் தூவினால் ஒரு வாய் கரிக்கும், ஒரு வாய் சப்பென்று இருக்கும்.

கலக்க அகலமான பாத்திரம் வேண்டும். முதலில் கேரட், வெள்ளரி, மாங்காய் ஆகியவற்றில் இந்தச் சாற்றை ஊற்றிப் புரட்டுங்கள். தர்பூசணியை அதன் பிறகு போட்டு, அடியிலிருந்து மேலாக இரண்டு முறை மட்டும் புரட்டினால் போதும். கரண்டியால் கிண்டினால் தர்பூசணி உடைந்து எல்லாம் ஒரே நிறமாகிவிடும். புதினாவைக் கையால் கிள்ளிப் போடுங்கள், கத்தி பட்டால் ஓரம் கறுக்கும். வேர்க்கடலை பரிமாறும்போதுதான், இல்லாவிட்டால் ஊறிப்போகும்.

ருசி பார்ப்பதும் குளிர்ந்த பிறகுதான். குளிர்ச்சியில் இனிப்பு மட்டுப்பட்டுத் தெரியும். வெதுவெதுப்பில் சரியாக இருந்தது, குளிர்ந்ததும் மந்தமாகப் படும்.

வெள்ளரி கசக்கிறது. நுனியை வெட்டித் தேய்த்தால் சரியாகுமா?

காம்புப் பக்கம் ஒரு வில்லை வெட்டி, அதையே வெட்டிய இடத்தில் வட்டமாகத் தேய்த்தால் வெள்ளையாக நுரை வரும். பாட்டிமார் காலத்திலிருந்து எல்லா வீட்டிலும் செய்வதுதான். கசப்பைத் தரும் பொருளின் பெயர் குக்குர்பிட்டசின். அது காம்பை ஒட்டிய பகுதியிலும் தோலுக்கு அடியிலும் கூடுதலாக இருக்கும். ஆகவே பலன் தருவது அந்தப் பகுதியை வெட்டி எறிவதுதான். தேய்ப்பதால் காய்க்குள் இருக்கும் கசப்பு வெளியே வந்துவிடாது. காம்புப் பக்கம் ஒரு அங்குலம் தாராளமாக வெட்டுங்கள், தோலைச் சற்று அழுத்திச் சீவுங்கள், பிறகு நடுவிலிருந்து ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். அதுவும் கசந்தால் அந்தக் காயை விட்டுவிடுங்கள். கடுங்கசப்பான வெள்ளரி, சுரைக்காய் எதுவானாலும் உப்பும் எலுமிச்சையும் போட்டு மறைத்துச் சாப்பிடக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.

ஒவ்வொரு வெள்ளரியையும் தனித்தனியாக ருசி பார்த்த பிறகே கிண்ணத்தில் சேருங்கள். ஒரு கசப்புக்காய் போதும், மொத்தமும் வீணாக.

எந்த வெள்ளரி நல்லது?

தோல் வெளிர்பச்சையாக, நீளமாக, ஒடித்தால் 'டக்'கென்று ஒடிகிற பிஞ்சு. கடற்கரையில் கீறி மிளகாய்த்தூள் உப்புத் தடவித் தருகிறார்களே, அது. தோல் சீவத் தேவையில்லை, விதையும் எடுக்க வேண்டாம். மஞ்சள் உருண்டையாக வரும் சாம்பார் வெள்ளரி சமைப்பதற்கு மட்டும்.

மாங்காயில் கிளிமூக்கா, நாட்டு மாங்காயா?

சாலட்டுக்குக் கிளிமூக்கு மாங்காய் நன்றாக இருக்கும். புளிப்போடு லேசான இனிப்பும் மொறுமொறுப்பும் சேர்ந்தது. தோலோடு நறுக்கலாம். நாட்டு மாங்காய் கடும் புளிப்பு, அதைத் துருவி இரண்டு டேபிள்ஸ்பூன் சேர்த்தாலே போதும், அப்போது எலுமிச்சை தேவையில்லை.

காம்பைக் கிள்ளியதும் வடியும் பால் தோலில் பட்டால் புண்ணாக்கும், வாய் ஓரத்தில் பட்டால் எரியும். காம்பை எடுத்து, தலைகீழாகச் சாய்த்துப் பாலை வடியவிட்டு, அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுக் கழுவிய பிறகு நறுக்குங்கள்.

மாம்பழம் சேர்ப்பதானால் கெட்டியான சதையுள்ள பங்கனபள்ளி. நார் மிகுந்த பழமும் கனிந்து குழைந்த பழமும் சாலட்டில் கரைந்துவிடும். கார்பைடு கல்லில் பழுக்க வைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அனுமதிக்கப்பட்டது எத்திலீன் வாயு, அதுவும் பத்து லட்சத்தில் 100 பங்கு வரைதான். எப்படிப் பழுத்த பழமானாலும் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, தோலைச் சீவிவிட்டே சேருங்கள்.

அன்னாசியைத் தயிரில் போட்டேன், கொஞ்ச நேரத்தில் கசந்துவிட்டது. தயிர் கெட்டுவிட்டதா?

இல்லை. சமைக்காத அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது தயிரில் உள்ள புரதத்தைச் சிதைக்கும். சிதைந்த துண்டுகள் கசக்கும், தயிரும் நீர்த்துவிடும். கிவி பழமும் இதையே செய்யும். பப்பாளியிலும் இப்படி ஒரு நொதி உண்டு, காயில் அதிகம், நன்கு பழுத்ததில் குறைவு.

அன்னாசி கட்டாயம் வேண்டுமென்றால் துண்டுகளை ஒரு டீஸ்பூன் சர்க்கரையோடு வாணலியில் போட்டு, துண்டு முழுக்கச் சூடேறும்வரை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறவைத்துச் சேருங்கள். சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். டப்பாவில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டது, அதில் இந்தச் சிக்கல் இல்லை.

தயிர் சாலட்டுக்கு வெள்ளரி, கேரட், மாதுளை, விதையில்லாத திராட்சை பொருத்தம். ஒரு கப் தயிரைத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, கெட்டியானதை மட்டும் எடுங்கள். தயிருக்கு எலுமிச்சை வேண்டாம், அதன் புளிப்பே போதும்.

ஆப்பிள், கொய்யா நறுக்கியதும் கறுத்துவிடுகிறதே?

வெட்டுப்பட்ட இடத்தில் காற்று பட்டு நிறம் மாறுகிறது. கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. 2 கப் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்து, நறுக்கியதும் ஆப்பிளை அதில் ஐந்து நிமிடம் மூழ்கவிட்டு, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி எடுங்கள். எலுமிச்சைச் சாறு தடவுவதும் பலன் தரும், ஆனால் புளிப்பேறும். வாழைப்பழத்துக்கு இதெல்லாம் சரிப்படாது. அதைச் சாப்பிட உட்காரும்போது நறுக்குங்கள்.

உண்மையைச் சொன்னால், கோடையில் ஆப்பிளுக்கு அவசியமே இல்லை. அந்த மாதங்களில் தர்பூசணியும் முலாம்பழமும் மாங்காயும் தெருவெல்லாம் குவிந்திருக்கும்.

மாதுளையைச் சட்டை கறைபடாமல் உதிர்ப்பது எப்படி?

மேல்பகுதியைத் தொப்பி போல வட்டமாகச் சீவி எடுங்கள். உள்ளே வெள்ளைத் தடுப்புகள் தெரியும். அந்தக் கோடுகளுக்கு நேராகத் தோலில் மட்டும் கீறி, விரலால் பிரித்தால் பூ விரிவது போல விரியும். பிறகு ஒரு பாத்திரம் தண்ணீருக்குள் வைத்தே உதிருங்கள். முத்துகள் அடியில் தங்கும், வெள்ளைத் தோல் மேலே மிதக்கும், மேலாக வழித்துவிட்டு வடிகட்டலாம். சாறு தண்ணீருக்குள்ளேயே போவதால் தெறிக்காது.

கோசுமல்லியும் சாலட்தானே? அதில் பருப்பு வெந்திருக்க வேண்டுமா?

வேகக் கூடாது. ராமநவமிக்கு நீர்மோர், பானகத்தோடு வைப்பார்களே, அந்தக் கோசுமல்லியைவிடக் கோடைக்குப் பொருத்தமான சாலட் நமக்கு வேறில்லை. கர்நாடகத்தில் கோசம்பரி என்பார்கள். சாலட் என்றதும் வெளிநாட்டுச் சமையல் என்று நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

அரை கப் பாசிப்பருப்பைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். நகத்தால் அழுத்தினால் பட்டென்று இரண்டாக உடைய வேண்டும், மாவாக நசுங்கக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரம் ஊறிவிட்டால் நீரேறிச் சுவை குறைந்துவிடும். ஊறியதும் வடிதட்டில் பத்து நிமிடம் விட்டு முழுக்க வடியுங்கள். பொடியாக நறுக்கிய வெள்ளரி ஒன்று, துருவிய மாங்காய் 2 டேபிள்ஸ்பூன், தேங்காய்த்துருவல் 2 டேபிள்ஸ்பூன். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம்.

இதில் நடக்கும் பிழை தாளிப்பில்தான். கொதிக்கும் தாளிப்பை வெள்ளரியின் மேல் கொட்டினால் அந்த இடத்தில் காய் வதங்கிவிடும். தாளித்ததைப் பருப்பில் மட்டும் கொட்டிக் கிளறி, ஆறியதும் வெள்ளரியையும் மாங்காயையும் சேருங்கள். உப்பு இலையில் வைப்பதற்கு முன்பு.

முளைகட்டிய பயறைப் பச்சையாகச் சேர்க்கலாமா?

ஆவியில் ஐந்து முதல் ஏழு நிமிடம் வைத்துச் சேருங்கள். பயறு முளைவிடத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகள் பெருகவும் ஏற்றவை. கோடையில் இன்னும் வேகமாகப் பெருகும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்களுக்குப் பச்சையாகக் கொடுக்கவே வேண்டாம். முளைவிட்டதில் வழவழப்போ புளித்த வாடையோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நறுக்கிய சாலட் எவ்வளவு நேரம் தாங்கும்?

வெளியே வைத்தால் அதிகபட்சம் இரண்டு மணி நேரம். 32 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான். ஏப்ரல், மே மாதங்களில் நம் சமையலறை அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது, அதனால் ஒரு மணி நேரம் என்றே கணக்கு வையுங்கள். ஃப்ரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழே, மூடிய பாத்திரத்தில், உப்பு சேர்க்காத துண்டுகள் ஒரு நாள் நன்றாக இருக்கும்.

முலாம்பழத்திலும் தர்பூசணியிலும் புளிப்பு மிகக் குறைவு. அதனால் அன்னாசி, மாங்காயைவிட இவற்றில் கிருமி சுலபமாகப் பெருகும். தோலைச் சாப்பிடப் போவதில்லையே என்று கழுவாமல் வெட்டுவது பெரிய தவறு. தோலில் இருக்கும் மண்ணைக் கத்தியே சதைக்குள் கொண்டுபோகும். முலாம்பழத்தின் சொரசொரத் தோலைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஓடும் நீரில் கழுவித் துடைத்த பிறகு வெட்டுங்கள். சோப்பு வேண்டாம். மீன், கறி வெட்டிய பலகையும் அரிவாள்மனையும் வேண்டாம்.

ஃப்ரிட்ஜ் இல்லாமல் குளிர்ச்சியாகக் கொடுக்க முடியுமா?

முடியும். முழுக் காய்களையும் பழங்களையும் இரவே மண்பானைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். தர்பூசணி பெரிதாக இருந்தால் ஈரத்துணி சுற்றிக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, துணி காயக் காய நனையுங்கள். ஐஸ் வாங்கி வந்தால் சாலட்டுக்குள் போடாதீர்கள், உருகி எல்லாம் சப்பென்று ஆகிவிடும். அகலமான தட்டில் ஐஸைப் பரப்பி அதன்மேல் கிண்ணத்தை வையுங்கள்.

நுங்கு சேர்க்கலாமா?

தாராளமாக. மேல்தோல் துவர்க்கும், அதை உரித்துவிட்டு நான்காக நறுக்குங்கள். உள்ளிருக்கும் நீரைக் கிண்ணத்தில் பிடித்துச் சர்க்கரைக்குப் பதில் கலவையில் ஊற்றலாம். நுங்கு சேர்த்தால் மிளகு, மிளகாய் வேண்டாம். அதன் மெல்லிய ருசி காரத்தில் காணாமல் போய்விடும். வெட்டிய அன்றே தீர்த்துவிட வேண்டும்.

எண்ணெய் ஊற்றுவது அவசியமா?

கேரட் சேர்த்தால் கொஞ்சம் கொழுப்பு இருப்பது நல்லது. கேரட்டின் பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்கு சேரும். வேர்க்கடலையும் தேங்காயும் அந்த வேலையைச் செய்துவிடும். நல்லெண்ணெய் ஒரு டீஸ்பூன் ஊற்றினால் மாங்காயோடு அருமையாக இருக்கும், தர்பூசணியோடு ஒட்டாது.

பள்ளிக்கும் ஆபீசுக்கும் எப்படிக் கட்டிக் கொடுப்பது?

தர்பூசணியை விட்டுவிடுங்கள். விதை எடுத்து வடியவிட்ட வெள்ளரி, கேரட், மாங்காய், மாதுளை, கொய்யா ஆகியவை மத்தியானம் வரை உருக்குலையாது. ஆனால் பை வெயிலில் சூடாகும். நறுக்குவதற்கு முன்பே எல்லாம் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், டப்பாவோடு உறைந்த சின்னத் தண்ணீர் பாட்டில் ஒன்றை ஒட்டி வைத்து, இரண்டையும் ஒரே துணியில் சுற்றிக் கொடுங்கள். பாட்டிலில் குளிர்ச்சி போய்விட்டால் சாலட்டும் வேண்டாம். எலுமிச்சை, உப்பு, சீரகக் கலவையைச் சின்ன மூடிபோட்ட டப்பாவில் தனியாகக் கொடுத்துச் சாப்பிடும்போது ஊற்றச் சொல்லுங்கள். பீட்ரூட் வேண்டாம், மூடியைத் திறந்தால் எல்லாம் ஒரே சிவப்பாக இருக்கும்.

50 பேர் வரும் விசேஷத்துக்கு எவ்வளவு வாங்க வேண்டும்?

ஆளுக்கு 150 கிராம் வீதம் நறுக்கியது ஏழரைக் கிலோ வேண்டும். தோல், விதை கழிவதைக் கணக்கில் எடுத்தால்: தர்பூசணி 5 கிலோ (சதை சுமார் 3 கிலோ தேறும்), வெள்ளரி 2 கிலோ, அன்னாசி தலா ஒன்றரைக் கிலோவில் இரண்டு, மாதுளை ஒன்றரைக் கிலோ, கேரட் அரைக் கிலோ, எலுமிச்சை 8 முதல் 10. உப்பு மொத்தம் 4 டீஸ்பூனுக்குள், பாதியைப் போட்டு ருசி பார்த்த பிறகு மீதி.

ஏழரைக் கிலோவையும் ஒரே அண்டாவில் கலக்காதீர்கள். அடியில் இருப்பது மேலே இருப்பதன் எடையில் நசுங்கும், கடைசிப் பந்திக்கு வெறும் நீர்தான் மிஞ்சும். நறுக்கியதைத் தனித்தனி டப்பாக்களில் ஐஸ் மேல் வைத்து, பத்துப் பேருக்கு ஒரு தடவையாகக் கலந்து அனுப்புங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

காய் மூன்று பங்கு, பழம் ஒரு பங்கு என்று வையுங்கள். வெள்ளரி, கேரட், பாசிப்பருப்பு, வேர்க்கடலை முன்னுக்கு வரட்டும். மாம்பழம், சப்போட்டா, வாழை, தேன், நாட்டுச் சர்க்கரை வேண்டாம். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியத்தில் கட்டுப்பாடு இருக்கலாம், அவர்கள் எந்தப் பழம், எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்ட பிறகே சாப்பிட வேண்டும்.

உப்புப் போட்டுக் கலந்தது மிஞ்சிவிட்டது. என்ன செய்யலாம்?

கலந்து ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போயிருந்தால் மட்டும்: வேர்க்கடலையைப் பொறுக்கிவிட்டு, மிச்சத்தை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, வடிகட்டி, மோரோ குளிர்ந்த தண்ணீரோ கலந்து அன்றே குடித்துவிடலாம். அன்னாசி சேர்ந்திருந்தால் மோர் வேண்டாம், தண்ணீர் மட்டும். தர்பூசணியின் வெள்ளைப் பகுதியை வெட்டும்போதே தனியாக எடுத்து வைத்திருந்தால் மறுநாள் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கலாம், பூசணிக்காய் போலவே வேகும்.